‘தெய்னொஸ்’: இந்தக் கிரேக்கப் பெயரடையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மாலைவெயில் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சோஃபக்ளீஸின் ஆன்டிகனி நாடகத்தைக் கிரேக்க மூலத்தில் மெதுவாகப் படித்துக்கொண்டு வருகிறேன். கூடவே கோரஸ் (நாடகத்தில் சேர்ந்து பாடும் குழு) பாடல்களை எனக்காகத் தமிழில் எழுதியும் பார்க்கிறேன். 332ஆம் வரிக்கு வந்ததும் மேலே நகர முடியவில்லை. மனிதனைப் பற்றிய புகழ்பெற்ற பாடல் அங்கேதான் தொடங்குகிறது:

பொல்ல த தெய்ன கூதென் அந்த்ரோபூ தெய்னொதெரொன் பெலெய்.

‘பொல்ல’ என்றால் பல. ‘கூதென்’ என்றால் ‘ஆனால் எதுவும் இல்லை’ என்கிற மாதிரி. ‘அந்த்ரோபூ’ மனிதனைவிட. ஆக, தெய்னொஸ் ஆனவை பல உண்டு, மனிதனைவிட அதிகம் தெய்னொஸ் ஆனது எதுவும் இல்லை. இதுவரை சரி. அந்த ஒரு பெயரடையை அகராதியில் தேடினால் அச்சம் தருவது, ஆபத்தானது, வலிமை மிக்கது, வியக்கத்தக்கது, விசித்திரமானது, கெட்டிக்காரன், கைதேர்ந்தவன் என்று ஒரு பத்தி முழுக்க வருகிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பார்த்தால் சிலர் ‘அதிசயங்கள் பல’ என்கிறார்கள், சிலர் ‘பயங்கரங்கள் பல’ என்கிறார்கள். இரண்டும் ஒரே பாட்டாக இருக்க முடியாது. முதலாவது மனிதனைப் போற்றுகிற பாட்டு, இரண்டாவது எச்சரிக்கிற பாட்டு.

எனக்கு இரண்டு உதவி வேண்டும். ஒன்று, இந்தச் சொல்லின் வடிவங்களை யாராவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள், பால், எண், வேற்றுமை எல்லாம் சேர்த்து. இரண்டாவது, பொருள்.

நெடுங்கணக்கு எழுதியது:

வடிவங்களை நான் சொல்கிறேன். இது மிக ஒழுங்கான பெயரடை, இதைக் கற்றுக்கொண்டால் இதே வகையில் நூற்றுக்கணக்கான பெயரடைகள் கைக்கு வந்துவிடும்.

முதலில் எழுத்து. தொடக்கத்தில் வரும் ‘தெ’யை, ‘பந்து’ என்னும்போது வருகிற த போல மெலிவாக ஒலியுங்கள். அடுத்தது முக்கியம். கிரேக்கத்தில் குறில் ஒகரத்துக்கு ஓர் எழுத்து, நெடில் ஓகாரத்துக்கு வேறு எழுத்து. எகரமும் ஏகாரமும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் எழுதும்போது குறில் எது நெடில் எது என்று தலையில் கோடு போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது, தமிழில் அந்தத் தொல்லையே இல்லை, அதனால் தயவுசெய்து எல்லாரும் குறில் நெடில் பார்த்து எழுதுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால் தெய்னொஸ் என்பது பெயரடை, தெய்னோஸ் என்று கடைசியை நீட்டினால் அது வினையடை! பொருள் ‘பயங்கரமாக’ என்று மாறிவிடும்.

ஆண்பால் ஒருமை: எழுவாயில் தெய்னொஸ், ஆறாம் வேற்றுமையில் தெய்னூ, நான்காவதில் தெய்னோய், இரண்டாவதில் தெய்னொன், விளியில் தெய்னெ. பெண்பால்: தெய்னே, தெய்னேஸ், தெய்னேய், தெய்னேன். நடுப்பாலில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் விளியும் ஒன்றேதான், தெய்னொன். மற்றவை ஆண்பால் போலவே.

பன்மை: ஆண்பாலில் தெய்னொய், தெய்னோன், தெய்னொய்ஸ், தெய்னூஸ். பெண்பாலில் தெய்னய், தெய்னோன், தெய்னய்ஸ், தெய்னாஸ். நடுப்பால் பன்மை தெய்ன, கடைசி அகரம் குறில். உங்கள் வரியில் ‘பொல்ல த தெய்ன’ என்று வருவது இதுதான். நடுப்பால் ஒருமை தெய்னொன்னும் மூன்று பாலுக்கும் பொதுவான ஆறாம் வேற்றுமைப் பன்மை தெய்னோன்னும் ஓகாரத்தில்தான் வேறுபடுகின்றன, கவனம்.

இருமை என்று, இரண்டு பொருள்களைக் குறிக்கிற எண் ஒன்றும் உண்டு, சமஸ்கிருதம் படித்தவர்களுக்குப் பழக்கமானது. அதன் ஆண்பால், நடுப்பால் வடிவம் தெய்னோ. ஹோமரின் இலியட் காவியம், முதல் காண்டம் 200ஆம் வரியில் வருகிறது. அகிலீஸ் வாளை உருவப் போகும்போது அதீனா பின்னால் வந்து அவன் தலைமயிரைப் பிடிக்கிறாள், அவன் திரும்பிப் பார்க்கிறான், ‘தெய்னோ தெ ஹொய் ஒஸ்ஸெ ஃபாந்தென்’ என்கிறார் ஹோமர். ‘ஒஸ்ஸெ’ என்றால் இரண்டு கண்கள். அந்த இரண்டு கண்களும் அச்சமூட்டும்படி ஒளிர்ந்தன. இணையாக உள்ள பொருளுக்கு இருமை எவ்வளவு இயல்பாக உட்காருகிறது பாருங்கள்.

ஒப்புநிலைக்கு வருவோம். ‘மேலும்’ என்பதற்கு -தெரொஸ், ‘மிக’ என்பதற்கு -ததொஸ். தெய்னொதெரொஸ், தெய்னொததொஸ். இதில் ஓர் அழகான விதி இருக்கிறது. விகுதிக்கு முன்னால் உள்ள உயிர் குறிலா நெடிலா என்பதை அதற்கும் முந்தைய அசை தீர்மானிக்கிறது. முந்தைய அசை நீண்டதாக இருந்தால் குறில் ஒகரம், குறுகியதாக இருந்தால் நெடில் ஓகாரம். ‘தெய்’ கிரேக்கக் கணக்கில் நீண்ட அசை, அதனால் தெய்னொதெரொஸ். அறிவாளி என்று பொருள்படும் சொஃபொஸ் என்பதில் ‘சொ’ குறுகியது, அதனால் சொஃபோதெரொஸ். குறுகிய அசைகள் வரிசையாக அடுக்கி வராமல் பார்த்துக்கொள்கிறது மொழி. யாப்பு படித்தவர்களுக்கு இது உடனே மனசில் பதியும்.

உங்கள் வரியில் ‘தெய்னொதெரொன்’ ஏன் நடுப்பால் என்றால், அது ‘கூதென்’னுக்குள் இருக்கும் ‘எதுவும்’ என்ற நடுப்பால் சொல்லோடு இயைகிறது. ‘அந்த்ரோபூ’ ஆறாம் வேற்றுமை, ஒப்பிடும்போது கிரேக்கம் ‘விட’ என்பதை ஆறாம் வேற்றுமையால் சொல்லும்.

கூழாங்கல் எழுதியது:

நான் கிரேக்கம் படித்தவன் இல்லை, விலங்கியல்காரன். டைனோசரில் இருக்கும் ‘டைனோ’ இதுதானா? அப்படியானால் பொருள் ‘பயங்கரமான பல்லி’ என்று முடிந்துவிட்டதே, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இன்னொன்று. இணைய அகராதியில் இதற்குப் பக்கத்திலேயே ‘தெய்ன’ என்று இன்னொரு சொல் வருகிறது, ‘இன்னார்’ என்று பொருள் போட்டிருக்கிறது. அதுவும் இதன் வடிவமா?

நெடுங்கணக்கு எழுதியது:

இல்லை, அது தனிச் சொல். பெயர் சொல்ல விரும்பாதபோது ‘இன்னார்’, ‘அந்த ஆள்’ என்று சொல்வதற்கு. அழுத்தம் முதல் அசையில் விழும். நம் பெயரடையில் அழுத்தம் எப்போதும் கடைசி அசையில்.

டைனோசர் அதேதான். ரிச்சர்ட் ஓவன் 1842இல் அந்தப் பெயரை அச்சில் கொண்டுவந்தார். அவர் வெறும் ‘பயங்கரமான’ என்று விளக்கவில்லை, ‘அஞ்சத்தக்க அளவு பெரிய’ என்று விளக்கினார். அச்சமும் பிரமாண்டமும் சேர்ந்து அவர் காதில் ஒலித்திருக்கின்றன. ‘தெய்’ எப்படி ‘டை’ ஆனது என்றால், கிரேக்கத்தின் எய்யை லத்தீன்காரர்கள் நெடில் ஈயாக எழுதினார்கள், அந்த ஈயை ஆங்கிலம் ‘ஐ’ என்று படித்தது. 1969இல் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிகஸ் என்று பெயர் வைத்தபோது லத்தீன் வழியை விட்டுக் கிரேக்க எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டார், அதில் இரண்டாம் பாதி நகம்.

ஏடு எழுத்தாணி எழுதியது:

பொருளுக்கு வேரிலிருந்து வரலாம். ‘தெய்தோ’ அஞ்சுகிறேன், ‘தெஒஸ்’ அச்சம், ‘தெய்மொஸ்’ பீதி, எல்லாம் ஒரே குடும்பம். செவ்வாய்க் கோளின் இரண்டு நிலவுகள் ஃபோபோஸ், டெய்மோஸ் என்று பள்ளியில் படித்திருப்போம், 1877இல் அசஃப் ஹால் கண்டுபிடித்தவை. இலியட் 15ஆம் காண்டத்தில் போர்க்கடவுள் ஏரீஸ் தேரில் குதிரை பூட்டச் சொல்லும் அந்த இருவரின் பெயர்கள்தான் அவை.

இதே வேரில் ‘தெய்லொஸ்’ என்றும் ஒரு பெயரடை உண்டு. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், தெய்லொஸ் என்றால் கோழை. அஞ்சுகிறவன் தெய்லொஸ், அஞ்ச வைப்பவன் தெய்னொஸ். ஆக, அச்சம் அடிப்படை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எந்த மாதிரி அச்சம் என்பதற்கு ஹோமரில் ஓர் இடம் பார்க்க வேண்டும். இலியட் 3ஆம் காண்டம், 172ஆம் வரி. ட்ராய் மதில்மேல் அந்நகர மன்னர், கிழவர் பிரயாம் உட்கார்ந்திருக்கிறார். கீழே நிற்கும் கிரேக்கத் தலைவர்கள் யார் யார் என்று ஹெலனைக் கூப்பிட்டுக் கேட்கிறார், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உன்மேல் தப்பில்லை அம்மா, தெய்வங்கள்மேல்தான் என்கிறார். இந்தப் போருக்கே காரணம் என்று ஊர் தூற்றும் மருமகளிடம் அவ்வளவு அன்பாகப் பேசுகிறார். அவள் பதில் சொல்லத் தொடங்கும் வரி: ‘அய்தொய்யொஸ் தெ மொய் எஸ்ஸி, ஃபிலெ ஹெகுரெ, தெய்னொஸ் தெ’. ‘அன்பான மாமா, நீங்கள் எனக்கு மரியாதைக்கு உரியவர், தெய்னொஸ்.’ இங்கே ‘பயங்கரமானவர்’ என்று எழுத முடியுமா? அவர் அன்பானவர் என்று அதே வரியில் சொல்கிறாள். இது பெரியவர் முன்னால் நிமிர்ந்து நிற்க முடியாத அச்சம். பயபக்தி என்கிறோமே, அது. (‘ஹெகுரொஸ்’ மாமனார், சமஸ்கிருதத்தின் ச்வசுர என்பதற்கு உறவுச் சொல்.)

இந்த வரியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. யாப்பின்படி ‘ஹெகுரெ’ என்பதன் கடைசி எகரம் நீண்டதாகக் கணக்கிடப்பட வேண்டும், எழுத்தில் பார்த்தால் அது குறில், அடுத்து ஒரே ஒரு மெய்தான் வருகிறது. ஏன் நீள்கிறது? ஆதியில் தெய்னொஸ் என்பது ‘த்வெய்னொஸ்’ போல இரண்டு மெய்யோடு தொடங்கியது. வகரம் பேச்சிலிருந்து போய்விட்டது, ஆனால் பாடகர்கள் வாய்வழியாகக் கடத்திய சந்தத்தில் அதன் இடம் அப்படியே இருக்கிறது. அதே வரியில் ‘ஃபிலெ’ என்பதும் இதேபோல் நீள்கிறது, காரணம் ஹெகுரொஸ் என்பதிலும் தொடக்கத்தில் ‘ஸ்வ்’ இருந்தது. ஒரே வரியில் இரண்டு தொலைந்த வகரங்கள். எனக்கு இந்த வரியைச் சத்தமாகப் படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கும்.

வன்னிமரம் எழுதியது:

எழுத்தாணி அண்ணை, பிரயாம் வரிக்கு நன்றி. நான் பிளேட்டோவை வாசிக்கிற ஆள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்லுறன். அச்சம் அடிப்படைதான், ஆனால் கிறிஸ்துவுக்கு முந்திய 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் இந்தச் சொல் கெட்டிக்காரனுக்கும் போய்விட்டது. அதற்கு இலக்கணமே அடையாளம் காட்டும். தெய்னொஸோடு ஒரு வினையெச்சம் சேர்ந்தால் அந்தச் செயலில் வல்லவன் என்று பொருள். ‘தெய்னொஸ் லெகெய்ன்’ என்றால் பேச்சில் வல்லவன்.

சாக்ரடீஸ் விசாரணை, கிமு 399. அவருடைய வாதவுரை இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. குற்றம் சாட்டியவர்கள் நீதிமன்றத்தாரிடம், இந்த ஆள் தெய்னொஸ் லெகெய்ன், ஏமாந்துவிடாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார்கள். அங்கே வடிவம் ஆறாம் வேற்றுமை, தெய்னூ, நெடுங்கணக்கு தந்த பட்டியலில் இருக்கிறது. சாக்ரடீஸ் சொல்கிறார், உண்மையைப் பேசுகிறவனைத்தான் இவர்கள் தெய்னொஸ் என்று சொல்லுகிறார்கள் என்றால் சரி, மற்றபடி நான் அப்படிப்பட்டவன் இல்லை. கவனியுங்கோ, ‘பேச்சில் வல்லவன்’ என்பது அந்த மன்றத்தில் குற்றச்சாட்டு! பாராட்டு இல்லை. பேச்சால் ஆளைக் கவிழ்த்துவிடுவான் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அன்டிஃபோன் என்ற பேச்சாளரைப் பற்றி எழுதும்போதும், தெய்னொதேஸ், அதாவது இந்தத் தன்மை உள்ளவன் என்ற பெயரால்தான் மக்கள் அவனைச் சந்தேகித்தார்கள் என்கிறார்.

பிறகு பிளேட்டோவின் ப்ரொட்டகோரஸ் உரையாடல், 341ஆம் பகுதி. ப்ரோடிகஸ் என்பவர் சொற்களின் சரியான பயன்பாட்டில் கண்டிப்பானவர். சாக்ரடீஸ் யாரையாவது ‘அறிவாளி, தெய்னொஸ்’ என்று பாராட்டினால், நல்லதைப் போய் தெய்னொஸ் என்று சொல்ல வெட்கமாக இல்லையா என்று அவர் கேட்பாராம். யாரும் தெய்னொஸ் ஆன செல்வம், தெய்னொஸ் ஆன சமாதானம், தெய்னொஸ் ஆன ஆரோக்கியம் என்று சொல்வதில்லை, நோய், போர், வறுமை, இவற்றைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்பது அவர் வாதம். அதாவது இந்த இழையில் நாங்கள் பிடிக்கிற சண்டையை அவர்களே பிடித்துவிட்டார்கள்.

மாலைவெயில் எழுதியது:

இது எனக்குப் புதிது. அப்படியானால் வினையெச்சம் இருந்தால் ‘வல்லவன்’, இல்லாவிட்டால் ‘அஞ்சத்தக்க’ என்று பிரித்துக்கொள்ளலாமா?

நெடுங்கணக்கு எழுதியது:

பெரும்பாலும் பிரிக்கலாம், ஆனால் சுவர் எழுப்ப முடியாது. செனோஃபோன் தன் படைப்பயணத்தைப் பற்றி எழுதிய அனபாசிஸ் 7ஆம் நூலில் திரேஸ் மன்னன் செய்ததேஸ் கொடுக்கும் விருந்து வருகிறது, படித்துப் பாருங்கள். அந்த ஊர் வழக்கப்படி மன்னன் தன் முன்னால் இருந்த ரொட்டியையும் இறைச்சியையும் துண்டு துண்டாக்கி விருந்தினருக்கு வீசுகிறான், மற்றவர்களும் அதேபோல் வீசுகிறார்கள். ஆர்க்கேடியாக்காரன் ஆரிஸ்தஸ் மட்டும் வீசுகிற வேலையை விட்டுவிட்டு, மூன்று கொய்னிக்ஸ் மாவில் செய்த ரொட்டியைக் கையில் எடுத்து, இறைச்சியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறான். ஒரு கொய்னிக்ஸ் என்பதே ஒரு ஆளின் ஒருநாள் தானியப்படி. மதுக்கொம்பைக் கொண்டுவந்தவனிடம் ‘அவருக்குக் கொடு, அவர் சும்மா இருக்கிறார், எனக்கு இன்னும் நேரமில்லை’ என்று செனோஃபோனைக் காட்டுகிறான். இவனைத்தான் செனோஃபோன் ‘ஃபகெய்ன் தெய்னொஸ்’ என்கிறார், ‘ஃபகெய்ன்’ சாப்பிட. சாப்பாட்டில் வல்லவன் என்று எழுதினால் சப்பென்று இருக்கிறது. நம் பேச்சில் ‘சாப்பாட்டில் பயங்கரமான ஆளு’ என்போம், அது அப்படியே பொருந்துகிறது.

வினையடையும் அப்படித்தான். ஹெரோடோட்டஸ் 2ஆம் நூலில் எகிப்தின் மொய்ரிஸ் ஏரியைப் பற்றிச் சொல்லும்போது அந்த நிலம் ‘தெய்னோஸ்’ நீரற்றது என்கிறார். பயங்கர வறட்சி. தமிழ்ப் பேச்சில் ‘பயங்கரமா’ செய்கிற வேலையை இது அங்கே செய்கிறது.

தாழ்வாரம் எழுதியது:

‘பயங்கரமா’ பேச்சில் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதை ஆன்டிகனி பாடலில் போடக் கூடாது. இன்றைக்கு ‘படம் பயங்கரமா இருக்கு’ என்றால் அச்சம் ஒரு துளியும் இல்லை. தேய்ந்துபோன சொல். சோஃபக்ளீஸின் சொல் தேயவில்லை. அதற்கு ஆதாரம் ஈஸ்கிலஸ். கிமு 458இல் அரங்கேறிய ஒரெஸ்தெய்யா முத்தொகுப்பின் இரண்டாம் நாடகத்தில் ஒரு கோரஸ் பாடல் ‘பொல்ல மென் கா த்ரெஃபெய் தெய்ன’ என்று தொடங்கும். பூமி வளர்க்கும் அஞ்சத்தக்க துயரங்கள் பல, கடலின் கைகளில் கொடிய பிராணிகள் பல, ஆனால் மனிதனின் துணிச்சலையும் பெண்ணின் காமத்தையும் யார் சொல்லி முடிப்பார் என்று அது போகும். அதற்கு ஏறக்குறைய 17 ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் இன்னொரு கோரஸ் ‘பொல்ல த தெய்ன’ என்று ஆரம்பித்தால், கேட்டவர்களில் பலருக்கு முந்தைய பாட்டு காதில் விழுந்திருக்கும். அங்கே பொருள் அச்சம்தான், வியப்புக்கு இடமே இல்லை. எனவே ‘அதிசயங்கள் பல’ என்பது மூலத்தை வெள்ளையடிப்பது.

அப்புறம் ஒரு கோரிக்கை. நாடகம் முழுக்க ஒரே தமிழ்ச் சொல்லை வையுங்கள். ஓர் இடத்தில் ஒன்று, மற்றோர் இடத்தில் ஒன்று என்று மாற்றினால் சோஃபக்ளீஸ் கட்டியது கலைந்துவிடும்.

ஏடு எழுத்தாணி எழுதியது:

தாழ்வாரம் சொல்வதில் இரண்டாவது கருத்தை முழுமையாக ஏற்கிறேன். நாடகத்துக்குள்ளேயே இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். 96இல் ஆன்டிகனி தங்கையிடம், என் முட்டாள்தனத்தால் இந்த தெய்னொன்னை நான் அனுபவித்துவிட்டுப் போகிறேன், விடு என்கிறாள். 243இல் பிணத்துக்கு யாரோ மண் போட்டுவிட்ட செய்தியைச் சொல்ல வரும் காவலாளி, தெய்ன ஆனவை ரொம்பத் தயங்க வைக்கும் ஐயா என்று இழுக்கிறான். 323இல் மன்னன் கிரேயோன் அவன்மேல் பணம் வாங்கிய பழியைச் சுமத்தும்போது, தீர்மானிக்கிறவர் தப்பாகத் தீர்மானிப்பது தெய்னொன் என்கிறான் அந்தக் காவலாளி. அதிலிருந்து சரியாக 9 வரி தள்ளித்தான் நம் பாடல்! ஒரு சாதாரணக் காவலாளியின் வாயில் ‘கொடுமை’ என்ற பொருளில் வந்த சொல்லைக் கோரஸ் எடுத்து மனிதகுலம் முழுவதற்கும் வைக்கிறது.

951இல் ‘விதியின் ஆற்றல் தெய்னா’ என்கிறது கோரஸ். இது பெண்பால் எழுவாய், ஆனால் நெடுங்கணக்கு தந்தபடி தெய்னே என்று இல்லை. கோரஸ் பாட்டுகளில் டோரியன் என்ற கிரேக்க வட்டார வழக்கின் சாயல் வரும், ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஆ. கிரேக்க எழுத்தில் 332இன் தெய்னவும் 951இன் தெய்னாவும் ஒரே மாதிரி எழுதப்படும், நமக்குத் தமிழில் குறில் நெடில் காட்டிக்கொடுக்கிறது. மனிதனைவிட தெய்னொஸ் ஆனது எதுவும் இல்லை என்று பாடிய அதே கோரஸ்தான் 600 வரி தள்ளி விதியை அப்படிச் சொல்கிறது.

வன்னிமரம் எழுதியது:

1046ஐ விட்டுவிட்டியள் அண்ணை. கிரேயோன், குறிசொல்லும் கிழவர் டைரீசியஸிடம் சொல்லுவது. மனிதர்களில் மிகவும் தெய்னொய் ஆனவர்களும் லாபத்துக்காக அசிங்கமான பேச்சை அழகாகப் பேசும்போது அசிங்கமாக விழுவார்கள். அங்கே ‘கெட்டிக்காரர்’ என்ற பொருள் தவிர வேறு இல்லை, வினையெச்சமும் இல்லை.

அதனால் இரண்டு பக்கமும் இழுக்கிற ஒரு தமிழ்ச் சொல் தேவை. நான் ‘பொல்லாத’ என்று முன்வைக்கிறேன். பொல்லாத நோய், பொல்லாத காலம் என்கிறோம். பொல்லாத ஆள், பொல்லாத பேச்சுக்காரன் என்றும் சொல்லுகிறோம், அதில் பாராட்டும் பயமும் சேர்ந்தே இருக்கின்றன. எங்கட பக்கம் கைதேர்ந்தவனை ‘விண்ணன்’ என்போம், ஆனால் விண்ணனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. பொல்லாதவனைப் பார்த்துப் பயப்படுவார்கள்.

கூழாங்கல் எழுதியது:

பள்ளியில் தமிழாசிரியர் ‘கடி’ என்ற உரிச்சொல்லைச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வருகிறது. தொல்காப்பியம் அதற்குக் காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, மிகுதி, சிறப்பு, அச்சம் என்றெல்லாம் 10 பொருள் தரும். சிறப்பும் அச்சமும் ஒரே சொல்லில். அதைப் பயன்படுத்த முடியாதா?

ஏடு எழுத்தாணி எழுதியது:

சொல் அமைப்பில் நல்ல இணை, அதைச் சுட்டியதற்கு நன்றி. ஆனால் ‘கடி’ இன்று உயிரோடு இல்லை. கடிநகர், கடிமரம் என்று உரை வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. தெய்னொஸ் ஏதென்ஸ் சந்தையிலும் நீதிமன்றத்திலும் புழங்கிய சொல், காவலாளி பேசுகிற சொல். மேடையில் கேட்டவுடன் புரிய வேண்டும்.

தாழ்வாரம் எழுதியது:

‘பொல்லாத’ தீமைப் பக்கம் சாய்ந்துவிடுகிறதே. பாடலின் கடைசிப் பகுதியில் மனிதன் தன் திறமையை வைத்துக்கொண்டு சிலசமயம் தீமைக்கும் சிலசமயம் நன்மைக்கும் போகிறான் என்று வருகிறது. முதல் வரியிலேயே தீயவன் என்று தீர்ப்பு எழுதிவிட்டால் அந்த வரிக்கு வேலை இல்லாமல் போகும். அரிஸ்டாட்டில் நிகோமாக்கிய அறவியல் 6ஆம் நூலில் தெய்னொதேஸை இப்படித்தான் வைக்கிறார். அது குறிக்கோளை அடையும் திறன், குறிக்கோள் உயர்ந்ததானால் போற்றத்தக்கது, இழிந்ததானால் வெறும் சூழ்ச்சி. திறன் தனியாக நிற்கிறது, நல்லதும் கெட்டதும் பிறகு வருகின்றன. என் வாக்கு ‘அஞ்சத்தக்க’ என்பதற்கே.

மாலைவெயில் எழுதியது:

எல்லாருடைய பதிலையும் வைத்துக்கொண்டு பாடலை மறுபடி படித்தேன். இதுவரை யாரும் சொல்லாத ஒன்று 334இல் இருக்கிறது. முதல் வாக்கியம் முடிந்ததும் அடுத்த வாக்கியம் ‘தூதொ’ என்று தொடங்குகிறது, ‘இது’. மனிதன் என்ற சொல் ஆண்பால், ‘இவன்’ என்றுதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘இது நரைத்த கடலுக்கு அப்பாலும் குளிர்காலத் தென்காற்றில் போகிறது.’ நடுப்பால். தெய்ன என்று வரிசைப்படுத்திய பொருள்களில் ஒன்றாக, புயலையும் விலங்கையும் சுட்டுவது போல மனிதனைச் சுட்டுகிறது கோரஸ். தமிழில் இதற்கு உள்ள வலு எந்த ஐரோப்பிய மொழியிலும் வராது என்று எனக்குத் தோன்றுகிறது, நமக்கு உயர்திணையைப் பார்த்து ‘இது’ என்றால் சுருக்கென்று தைக்கும். ஆனால் நான் பார்த்த ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பாதி ‘அவன்’ என்று சரிசெய்துவிட்டிருக்கின்றன.

என் முதல் முயற்சி:

அஞ்சத்தக்கவை பல. மனிதனைவிட அஞ்சத்தக்கது எதுவும் இல்லை. இது நரைத்த கடலுக்கு அப்பாலும் குளிர்காலத் தென்காற்றில், சூழ்ந்து விழுங்கும் அலைகளின் ஊடே போகிறது.

வன்னிமரம் சொன்னபடி ‘பொல்லாத’ வைத்தும் எழுதினேன்:

பொல்லாதவை பல. மனிதனைப் போலப் பொல்லாதது எதுவும் இல்லை.

சத்தமாகப் படித்தால் இரண்டாவது மேடையில் நிற்கும். ஒரே சொல் என்ற தாழ்வாரத்தின் நிபந்தனையையும் சோதித்தேன். இந்தப் பொல்லாததை நான் அனுபவிக்கிறேன் விடு (96), பொல்லாத விஷயம் தயங்க வைக்கும் ஐயா (243), பொல்லாத கெட்டிக்காரர்களும் விழுவார்கள் (1046), விதியின் ஆற்றல் பொல்லாதது (951). நான்கும் வழுக்காமல் வருகின்றன. ‘அஞ்சத்தக்க’ 1046இல் நொண்டுகிறது. காவலாளி வாயிலும் அது ஒட்டவில்லை, அவன் அப்படி எழுத்துத் தமிழ் பேசுகிற ஆள் இல்லை.

தாழ்வாரம், தீமைப் பக்கம் சாய்வது பற்றி நீங்கள் சொன்னது நியாயம். ஆனால் ‘இது’ என்று அடுத்த வரியில் வந்துவிடுவதால், தீர்ப்பின் கடுமை குறைந்து, ஒரு புயலைப் பொல்லாதது என்று சொல்வது போல ஆகிவிடுகிறது என்று நினைக்கிறேன். புயல் தீய எண்ணத்தோடு அடிப்பதில்லை.

தாழ்வாரம் எழுதியது:

அந்த ‘இது’ நல்ல வாதம். முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இந்த வடிவத்தோடு என்னால் சண்டையில்லாமல் இருக்க முடியும். ‘மனிதனைப் போல’ என்பதை மட்டும் ‘மனிதனைவிட’ என்று மாற்றுங்கள், மூலத்தில் ஒப்புநிலை இருக்கிறது, அதை விடக் கூடாது. ஹோமரின் பிரயாமுக்கு மட்டும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஹெலன் மாமனாரைப் பொல்லாதவர் என்று சொல்லவே மாட்டாள்.

வன்னிமரம் எழுதியது:

ஒரு தகவல், இன்றைய கிரேக்க மொழியில் இந்தச் சொல் இரண்டாகப் பிரிந்தே விட்டது. உச்சரிப்பு ‘தினோஸ்’. ஆளைச் சொன்னால் கைதேர்ந்தவர், நல்ல நீச்சல்காரரையும் நல்ல பேச்சாளரையும் அப்படிச் சொல்கிறார்கள். நடுப்பால் பன்மையில் ‘த தினா’ என்றால் துன்பங்கள், போரின் துன்பங்கள் என்று எழுதும்போது அதுதான். ப்ரோடிகஸ் கேட்ட பிரிவினையை மொழி தானாகவே செய்து முடித்திருக்கிறது, பால் வேறுபாட்டை வைத்து.

மாலைவெயில் எழுதியது:

‘மனிதனைவிட’ என்று மாற்றிவிட்டேன். அடுத்து 1096, 1097இல் சிக்கல். டைரீசியஸ் போன பிறகு கிரேயோன், விட்டுக்கொடுப்பது தெய்னொன் என்கிறான், எதிர்த்து நின்று அழிவில் மோதுவதும் தெய்னோய் நிலைதான் என்கிறான், ஒன்று எழுவாயில், ஒன்று நான்காம் வேற்றுமையில். ‘விட்டுக்கொடுப்பது பொல்லாதது’ என்று எழுதினால் அவன் தர்மசங்கடம் வரவில்லை, ‘கொடுமை’ என்றால் வருகிறது ஆனால் சொல் மாறிவிடுகிறது. அந்த இரண்டு வரிக்கு யாராவது முயற்சி செய்து பாருங்கள்.